பழைய கண்ணாடி பாட்டில்கள், கண்ணாடிப் பாத்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பாட்டில் சேர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஒரே விஷயம் பல வேஷத்தில் வந்துபோகும்: பாட்டிலில் எழுதியிருப்பதைவிட, அதைச் செய்தபோது விழுந்த தடயத்தை நம்புங்கள்.

பழைய பாட்டில் ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

பக்கவாட்டில் நெடுக ஓடும் அச்சுக்கோட்டை. இரண்டாகப் பிளக்கும் இரும்பு அச்சுக்குள் கண்ணாடியை ஊதும்போது, பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய வரம்பு விழும். விரல் நகத்தை அடியிலிருந்து அந்தக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போங்கள். கழுத்திலோ வாய்க்குச் சற்றுக் கீழேயோ கோடு மறைந்துவிட்டால், வாயைக் கையால் செய்திருக்கிறார்கள். வாயின் உச்சிவரை ஏறி மேல் விளிம்பையும் தாண்டினால், அது இயந்திரத்தில் பிறந்தது.

இதற்குக் காரணம் வேலை நடந்த வரிசை. அச்சுக்குள் ஊதி முடித்ததும் பாட்டிலை ஊதுகுழலிலிருந்து பிரிப்பார்கள். பிரிந்த இடம் கரடுமுரடாக இருக்கும். அதை மறுபடி சூடாக்கி, கருவியால் சுழற்றி வாயை உருவாக்குவார்கள். அந்தச் சுழற்சியில் கோடு அழிந்துபோகும். கடைசியாகச் செய்யும் வேலை என்பதால் பாட்டில் வாய்க்கு ஆங்கிலத் தொழில் வழக்கில் ‘ஃபினிஷ்’ என்றே பெயர் நின்றுவிட்டது. இயந்திரத்திலோ முதலில் உருவாவதே வாய்தான். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் முழுத் தானியங்கி பாட்டில் இயந்திரத்தை 1903இல் உருவாக்கினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கையால் பாட்டில் ஊதும் தொழில் பெரும்பாலும் ஒடுங்கிவிட்டது. ஆகவே, கோடு வாயைத் தாண்டும் குறுகிய கழுத்துப் பாட்டிலை 20ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் தள்ளாதீர்கள்.

அகன்ற வாய் ஜாடிகளுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அரைத் தானியங்கி இயந்திரங்கள் 1890களிலேயே அவற்றைச் செய்தன. இன்னொரு சிக்கலும் உண்டு: கையால் ஊதிய பழைய ஜாடிகள் பலவற்றில் மேலே மிஞ்சிய கண்ணாடியை உடைத்துவிட்டு, விளிம்பை அரைத்துச் சமன் செய்தார்கள். அங்கே கோடு உச்சிவரை போகும், ஆனாலும் அது கைவேலைதான். விளிம்பு மங்கலாக, சொரசொரப்பாக, சின்னச் சின்னச் சில்லுகள் தெறித்தாற்போல் இருந்தால் அரைத்த விளிம்பு என்று கொள்ளலாம்.

கையால் செய்த வாய் என்பது தெரிந்துவிட்டது. காலத்தை இன்னும் நெருக்கிச் சொல்ல முடியுமா?

கொஞ்சம் முடியும். முந்தைய முறையில் கழுத்தின் நுனியில் தனியாக உருகிய கண்ணாடியைச் சுற்றி ஒட்டி வாயாக்கினார்கள். ஒட்டிய கண்ணாடி கழுத்தின் மேல் கொஞ்சம் வழிந்து உறைந்திருக்கும். அச்சுக்கோடு அதன் அடியில் போய்த் திடீரென்று நின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது பரவலான முறை, 1880களின் நடுவில் அருகத் தொடங்கியது. பிந்தைய முறையில் கழுத்தின் கண்ணாடியையே மறுபடி உருக்கி வாயாக்கினார்கள். அதில் வழிசல் இருக்காது. கோடு மெல்ல மங்கி மறையும், வாயைச் சுற்றி நுண்ணிய வட்டக் கீறல்கள் தெரியும். 1870களிலிருந்து இயந்திரம் வென்ற காலம்வரை இந்த முறைக்குத்தான் செல்வாக்கு. இரண்டும் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடியவை என்பதால், இதை மட்டும் வைத்து ஆண்டு குறிக்காதீர்கள்.

என் பாட்டிலில் கோடே இல்லை. அப்படியானால் அச்சே இல்லாமல் ஊதியதா?

ஆகலாம். ஆனால் பெரும்பாலும் ஆகாது. பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உடலைச் சுற்றிக் கிடைமட்டமாக மெல்லிய வளையக் கீறல்கள் தெரிந்தால் அது சுழல் அச்சு. அச்சின் உட்புறத்தில் பசைபோன்ற பூச்சு தடவி நனைத்துவிட்டு, கண்ணாடி சூடாக இருக்கும்போதே அதை உள்ளே சுழற்றுவார்கள். கோடு அழிந்து மேற்பரப்பு பளபளவென்று வரும். ஒயின் பாட்டில்களில் இது மிகச் சாதாரணம், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செழித்த முறை. சுழற்றுவதால் இவற்றில் புடைப்பெழுத்து இருக்கவே முடியாது.

உண்மையில் அச்சில்லாமல் ஊதியது என்றால் ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருக்கும், தோள்கள் ஒன்றுபோல் இருக்காது. மேசையில் வைத்துச் சுழற்றினால் கண்ணுக்கே தெரியும்.

தோளைச் சுற்றி ஒரு கிடைக்கோடும், அங்கிருந்து மேல்நோக்கி இரண்டு கோடுகளும் இருந்தால் மூன்று துண்டு அச்சு. பிரிஸ்டல் நகரின் ஹென்றி ரிக்கெட்ஸ் 1821இல் காப்புரிமை பெற்ற வகை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அடியில் உடைந்த வட்டத் தழும்பு இருக்கிறது. பழமைக்கு அது உறுதியான சான்றா?

பாட்டில் என்றால் நல்ல சான்று. குவளை, கிண்ணம், பூச்சாடி என்றால் சான்றே இல்லை.

வாயை முடிக்கும்போது பாட்டிலைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். அதற்காக அடியில் ஒரு இரும்புக் கம்பியை ஒட்டுவார்கள், அதற்குப் பெயர் பான்டில். வேலை முடிந்ததும் தட்டிப் பிரிப்பார்கள், அங்கே கூரான தழும்பு மிஞ்சும். வெறும் இரும்பை நேராக ஒட்டியிருந்தால் கருஞ்சிவப்பாக அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு படிவும் இருக்கும். 1850களிலிருந்து பாட்டிலின் அடியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி பரவி, தழும்புக்கு வேலையில்லாமல் போயிற்று. 1860களுக்குப் பிறகு சாதாரணப் பாட்டில்களில் தழும்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் கலைக்கண்ணாடி செய்பவர்கள் இன்று காலையில் செய்த கிண்ணத்திலும் பான்டில் தழும்பு இருக்கும். சிலர் அதை அரைத்து வழவழப்பான குழியாக்கிவிடுவார்கள். குழியும் பழமைக்குச் சான்றல்ல.

பலர் பான்டில் என்று எனக்குப் படம் எடுத்து அனுப்புவது ஓவன்ஸ் இயந்திரத்தின் வெட்டுத்தழும்பை. அது அடியில் மயிரிழைபோல ஓடும் ஒரு வட்டம், பெரும்பாலும் மையத்திலிருந்து விலகியிருக்கும், சில சமயம் ஓரத்தையே தொட்டுவிடும். விரலை உறுத்தும் அளவுக்குக் கூராக இருக்காது. பழைய பால் பாட்டில்களின் அடியில் தெரியும் சிறிய சுத்தமான வட்டமும் இயந்திரக் குறிதான். 1930கள், 40கள் காலத்துப் பாட்டில்களில் அது நிறைய.

ஜாடியில் ‘காப்புரிமை நவம்பர் 30, 1858’ என்று புடைப்பெழுத்து இருக்கிறது. 1858இல் செய்ததுதானே?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை. இல்லை. அது ஜான் லாண்டிஸ் மேசன் திருகுமூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கிய நாள். அந்த வாசகத்தைப் பல தொழிற்சாலைகள் 20ஆம் நூற்றாண்டிலும் பொறித்துக்கொண்டே இருந்தன. பெயருக்கு மதிப்பு இருந்தது, விடுவார்களா?

இடுப்பு வளைந்த கோகோ-கோலா பாட்டிலும் அப்படியே. வடிவமைப்புக் காப்புரிமை 1915 நவம்பர் 16. அடுத்தது 1923 டிசம்பர் 25, அதனால்தான் சேகரிப்பாளர்கள் அதைக் கிறிஸ்துமஸ் பாட்டில் என்கிறார்கள். அந்தத் தேதி பொறித்த பாட்டில்கள் 1930களிலும் வந்துகொண்டிருந்தன.

காப்புரிமைத் தேதி ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். இங்கே ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: பாட்டிலில் இருக்கும் அடையாளங்களில் எது மிக இளையதோ, அதுதான் பாட்டிலின் வயது. எழுத்து 1858 என்கிறது, கோடு வாயைத் தாண்டுகிறது, அடியில் ஓவன்ஸ் தழும்பு இருக்கிறது என்றால் தழும்பு சொல்வதே செல்லும்.

அப்படியானால் எந்த எழுத்தையுமே நம்பக்கூடாதா?

சில எழுத்துகள் தங்கம். அமெரிக்க மதுப் பாட்டில்களில், இதை மறுவிற்பனை செய்வதும் மறுபடி பயன்படுத்துவதும் கூட்டாட்சிச் சட்டப்படி தடை என்ற வாசகம் இருந்தால் 1935க்கும் 1964க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். தொழிற்சாலைக் குறிகளும் உதவும். வைர வடிவத்தின் மேல் ஓ எழுத்தும் நடுவே ஐ எழுத்தும் சேர்ந்த சின்னம் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்துடையது. 1929இல் நிறுவனம் உருவானதிலிருந்து 1950களின் நடுப்பகுதிவரை அந்தச் சின்னம்தான். இடப்பக்க எண் எந்த ஆலை, வலப்பக்க எண் எந்த ஆண்டு. ஆண்டை ஒற்றை இலக்கத்தில் போட்டதால் 4 என்பது 1934ஆகவும் இருக்கலாம், 1944ஆகவும் இருக்கலாம்.

நேரடியாகக் கண்ணாடியில் சுட்டுப் பதித்த வண்ண எழுத்து இருந்தால் 1930களுக்கு முன் போகாதீர்கள்.

நிறத்தை வைத்துக் காலம் சொல்லலாமா?

அநேகமாக முடியாது. மணலில் இயல்பாகவே இரும்பு இருக்கிறது, அதனால் ஒன்றும் சேர்க்காத கண்ணாடி இளம்பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ வரும். கரும்பச்சை அடர்ந்து கறுப்பாகவே தெரியும் ‘கறுப்புக் கண்ணாடி’யை வலுவான டார்ச்சுக்கு எதிரே பிடித்தால் ஆலிவ் பச்சையோ தேன்நிறமோ வெளிப்படும். தேன்நிறம் கரியும் கந்தகமும் தருவது. கடும் நீலம் கோபால்ட். எல்லாமே நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் சேர்மானங்கள்.

ஊதா மட்டும் கதை சொல்லும். இரும்பின் பச்சையை அடக்கி நிறமற்ற கண்ணாடி எடுக்க மாங்கனீஸ் சேர்த்தார்கள். அந்தக் கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர் பட்டு இளம் ஊதாவாக மாறும். முதல் உலகப்போர்க் காலத்துக்குப் பிறகு மாங்கனீஸின் இடத்தை செலீனியம் பிடித்தது. அந்தக் கண்ணாடி வைக்கோல் நிறத்துக்குத்தான் சாயும். எனவே வெயிலில் ஊதாவான பாட்டில் பெரும்பாலும் 1920க்கு முந்தையது.

இங்கேதான் வியாபாரம் புகுந்தது. நிறமற்ற பழைய பாட்டிலைக் கதிர்வீச்சுக் கருவியில் வைத்தால் சீக்கிரத்திலேயே அடர்ந்த கத்திரிப்பூ நிறம் வந்துவிடும். நானும் ஆரம்பத்தில் அப்படி ஒன்றை ஆசையாக வாங்கி அலமாரியின் நடுவில் வைத்திருந்தேன். வெயில் தரும் ஊதா மெலிசு. கண்ணைப் பறிக்கிற ஊதாவைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

புற ஊதா டார்ச் வாங்க வேண்டுமா?

வாங்குங்கள், பயனும் உண்டு, வேடிக்கையும் உண்டு. யுரேனியம் சேர்த்த கண்ணாடி இருட்டில் அந்த ஒளி பட்டதும் கண்கூசும் பச்சையாக எரியும். 1830களில் பொஹீமியாவில் ஃபிரான்ஸ் ரீடெல் இவ்வகை மஞ்சள், பச்சைக் கண்ணாடியைப் பிரபலமாக்கினார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் யுரேனியம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் போனதால் அங்கே இந்த உற்பத்தி நின்றது. பின்னர் மறுபடி தொடங்கியது, இன்றும் செய்கிறார்கள். ஆகவே ஒளிர்வது யுரேனியத்துக்குச் சான்று, பழமைக்கு அல்ல. மாங்கனீஸ் கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும். அந்த மினுக்கத்தை யுரேனியம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் ஆபத்து இல்லை. தினம் அதில் குடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கண்ணாடிக்குள் குமிழ்கள் இருக்கின்றன. பழசுதானே?

குமிழ் இருந்தால் உலை சரியாகக் கொதிக்கவில்லை என்று அர்த்தம். இன்று அழகுக்காக வேண்டுமென்றே குமிழ் விடுகிறார்கள்.

வாயின் அமைப்பையும் மூடியையும் வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. காற்றடைத்த பானத்தை எப்படி அடைத்துவைப்பது என்பதுதான் 19ஆம் நூற்றாண்டின் பெரிய தலைவலி. தக்கை காய்ந்தால் சுருங்கும், காற்று போய்விடும். அதற்காகவே நிற்க முடியாத, முட்டை அடி கொண்ட பாட்டில் செய்தார்கள். படுக்கவைத்தால்தான் இருக்கும், படுத்திருந்தால் தக்கை நனைந்தே இருக்கும். கண்காட்சியில் அதைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

கோலி சோடா பாட்டில் இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் உருவாக்கியது. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அழுத்திப்பிடிக்கும். கழுத்தில் உள்ள பள்ளங்கள் ஊற்றும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் தடுக்க. கோலிக்காகக் குழந்தைகள் உடைத்துவிட்டதால் முழுசாகக் கிடைப்பவை குறைவு.

கம்பியால் இழுத்து மூடும் அடைப்புக்குச் சார்ல்ஸ் டி குவில்ஃபெல்ட் 1875இல் காப்புரிமை பெற்றார். கழுத்துக்குள் கம்பி வளையம் தொங்கும் ஹட்சின்சன் அடைப்பு 1879. இவை அனைத்தையும் ஓரங்கட்டியது பால்டிமோரின் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற சுருக்கு விளிம்புத் தகர மூடி. இன்றும் சோடாவில் அதைத்தான் திறக்கிறோம். அந்த மூடிக்கான உருண்ட விளிம்பு வாயில் இருந்தால் 1892க்கு முந்தையதாக இருக்க முடியாது.

வெட்டுக் கண்ணாடியையும் அழுத்து வார்ப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

விரலால். சக்கரத்தில் வெட்டிய கண்ணாடியின் முனைகள் கூராக உறுத்தும். அச்சில் அழுத்தியதில் முனைகள் மழுங்கியிருக்கும். வெட்டியதில் பூவிதழ்களை அளந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று இம்மியளவு வேறுபடும், அழுத்தியதில் எல்லாம் அச்சுப் பிசகாது. அழுத்தியதில் மூன்று அல்லது நான்கு அச்சுக்கோடுகள் இருக்கும், ஆனால் கெட்டிக்காரர்கள் அவற்றை அலங்கார வரம்புகளில் ஒளித்துவிடுவார்கள். ஏற்கெனவே உருவம் அழுத்திய துண்டை எடுத்து மேலே கொஞ்சம் வெட்டி விற்றதும் உண்டு என்பதால், ஒரு முனையை மட்டும் தொட்டு முடிவுசெய்யாதீர்கள்.

ஈயம் கலந்த கண்ணாடி கனக்கும், விளிம்பை மெல்லத் தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். ஜார்ஜ் ராவன்ஸ்கிராஃப்ட் 1674இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற கண்ணாடியின் வழிவந்தது அது. இந்த ஜாடிகளில் மதுவையோ பழச்சாற்றையோ நாள்கணக்கில் ஊற்றிவைக்காதீர்கள், ஈயம் கசியும்.

1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அமெரிக்காவில் இளஞ்சிவப்பு, பச்சை, தேன்நிறக் கண்ணாடித் தட்டுகளை மலிவாக வார்த்துத் தள்ளினார்கள். ஓட்ஸ் பொட்டலத்துக்குள்ளும் சினிமா டிக்கெட்டோடும் இலவசமாகக் கொடுத்தவை அவை. இன்று அதற்கென்றே தனி சேகரிப்பாளர் கூட்டம் இருக்கிறது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடியின் தேய்மானத்தை லென்ஸில் பாருங்கள். நூறு ஆண்டு அலமாரியில் இழுபட்ட பாத்திரத்தின் கீறல்கள் எல்லாத் திசையிலும் போகும், தரையைத் தொடும் இடத்தில் மட்டும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் கீறல்கள் ஒரே போக்கில் ஓடும், தரை தொடாத குழியிலும் தெரியும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்ததில் நுணுக்கங்கள் கரைந்து, எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டிபோல் வழுக்கும்.

மூடியுள்ள ஜாடி என்றால் மூடியின் தண்டையும் கழுத்தையும் பாருங்கள். பல பழைய ஜாடிகளில் இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். எண் வேறுபட்டால் வேறெங்கோ இருந்த மூடியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

உள்ளே வெள்ளையாக மங்கியிருக்கிறது. எப்படிக் கழுவுவது?

முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால், அது அழுக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. கண்ணாடியின் மேற்பரப்பையே ஈரம் அரித்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் நோய்பிடித்த கண்ணாடி என்பார்கள். எந்தச் சோப்பும் அதைத் தீர்க்காது. செப்பு மணிகளும் மெருகுத் தூளும் போட்டு உருளையில் நாள்கணக்கில் சுழற்றினால் தெளியும், ஆனால் மேற்பரப்பையும் புடைப்பெழுத்தின் கூர்மையையும் கொஞ்சம் தின்றுவிடும். அபூர்வமானதென்றால் நான் செய்யமாட்டேன். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைப் பரிந்துரைக்கிறவர்களிடமிருந்து விலகியிருங்கள், அது தோலைத் தாண்டி எலும்புவரை போகும்.

நனைந்தாலும் போகாத வெள்ளைப் படிவு என்றால் சுண்ணாம்பாக இருக்கலாம், வினிகரில் ஊறவைத்தால் இளகும். உள்ளே தேய்க்க, அரிசியும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். மணல் வேண்டாம். தாள் லேபிளும் வண்ண எழுத்தும் இருந்தால் அந்தப் பக்கத்தை நனைக்கவே வேண்டாம். மண்ணுக்குள் கிடந்து வானவில் நிறத்தில் மின்னும் மேற்பரப்பைச் சுரண்டாதீர்கள், பலர் அதற்காகவே வாங்குகிறார்கள்.

குளிர்ந்த பாட்டிலில் வெந்நீர் ஊற்றாதீர்கள். ஒரே ‘டிக்’ சத்தத்தில் நான் இழந்தது ரிக்கெட்ஸ் வகைப் பாட்டில் ஒன்று.

உள்ளே இன்னும் திரவம் இருக்கிறது. திறக்கலாமா?

திறக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்காதீர்கள். பழைய மருந்துப் பாட்டிலில் பாதரசமோ கார்பாலிக் அமிலமோ இருக்கலாம். வரிவரியாகப் புடைத்த, ஆறுபக்கக் கோபால்ட் நீலப் பாட்டில் பெரும்பாலும் விஷத்துக்கானது. இருட்டில் கை தடவினாலே தெரிய வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். தீயின் மேல் எறிந்து உடைக்கும் கண்ணாடிக் குண்டுகள் இன்னொரு வகை. முந்தையவற்றில் உப்புநீர், பிந்தையவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு. இரண்டாவது நச்சு, சூடானால் அதைவிடக் கொடிய பாஸ்ஜீன் வாயுவாகும்.

பழைய குப்பைமேட்டைத் தோண்டித் தேடலாமா?

நிலத்துக்காரரின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் கூடாது. தொல்லியல் பாதுகாப்புள்ள இடம் என்றால் யார் அனுமதித்தாலும் கூடாது. தனியாகக் குழிக்குள் இறங்காதீர்கள், பக்கச்சுவர் சரிவதற்கு ஒரு நொடி போதும். எந்த ஆழத்தில் எதனோடு கிடைத்தது என்று குறித்துவையுங்கள். ஒரே அடுக்கில் கிடந்தவற்றில் மிக இளையது எதுவோ, அந்த அடுக்கு அதற்கு முன்னால் சேர்ந்திருக்க முடியாது.

பழசாக இருந்தால் விலை அதிகமா?

இல்லை. பல நூற்றாண்டு பழைய சாதாரணக் குப்பி மலிவாகக் கிடைக்கும், 1880களின் அபூர்வ நிற மருந்துப் பாட்டிலுக்கு அடிதடி நடக்கும். அபூர்வம், நிறம், புடைப்பெழுத்து, குறையில்லாத உடல், இந்த வரிசையில் பாருங்கள். வாயைச் சுற்றி நகத்தை ஓட்டிச் சில்லு தேடுங்கள். பிறகு பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே மெல்லத் திருப்புங்கள். விரிசல் இருந்தால் ஒரு கோணத்தில் வெள்ளிபோல் பளிச்சிடும்.

கண்ணாடி மூடி இறுகிவிட்டது. எப்படி எடுப்பது?

முறுக்காதீர்கள். மூடியைச் சுற்றி இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு ஒருநாள் சும்மா வையுங்கள். மறுநாள் கழுத்தை மட்டும் உள்ளங்கையால் பொத்திச் சூடாக்கி, மரக்கரண்டியின் காம்பால் மூடியை இருபுறமும் மாற்றிமாற்றி லேசாகத் தட்டுங்கள். அசையவில்லை என்றால் இன்னொரு நாள் எண்ணெய். என்னிடம் ஒன்று பதினோராம் நாள்தான் இளகியது.